கம்ப்யூட்டர் ஒன்று, கணக்கு இரண்டு

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்தவுடன் நாம் என்ன செய்கிறோம்? பாட்டு, படம், பிள்ளைகளுக்கு கேம்ஸ். சில வாரங்கள் கழித்து ரயில் டிக்கெட், மின் கட்டணம், தேர்வு முடிவு. இவை எல்லாவற்றையும் நாமே செய்து பழகிக்கொள்கிறோம். ஆனால், குடும்பத்தின் பணம் முழுவதும் சம்பந்தப்பட்ட ஒரு வேலையை மட்டும் பான் அட்டை, ஆதார் அட்டை, பாஸ்வேர்ட் ஆகியவற்றோடு கொண்டு போய் வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு வருகிறோம். அதுதான் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்வது.

கணவனும் மனைவியும் வீட்டில் உள்ள ஒரே கம்ப்யூட்டர் முன் அருகருகே உட்கார்ந்து, தங்கள் ரிட்டர்னைத் தாங்களே தயாரிக்க வேண்டும் என்பது என் கருத்து. அதே நேரத்தில், இரண்டு ரிட்டர்ன், இரண்டு பாஸ்வேர்ட், இரண்டு மொபைல் எண் என்று தனித்தனியாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறேன். "குடும்பம் ஒன்றுதானே, கணக்கு மட்டும் ஏன் இரண்டு?" என்று கேட்பவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

ஆசிரியைக்கு வந்த அதிர்ச்சி

செங்கல்பட்டில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. கணவருக்கு மறைமலை நகர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. இருவருடைய ரிட்டர்னையும் பல ஆண்டுகளாக ஒரு பிரவுசிங் சென்டரில்தான் தாக்கல் செய்து வந்தார்கள். கணவர் இரண்டு ஃபார்ம் 16-ஐயும் எடுத்துக்கொண்டு போவார். பணம் கட்டுவார். ஒரு பிரிண்ட்அவுட்டோடு திரும்பி வருவார். அந்தப் பிரிண்ட்அவுட்டை யாரும் படித்ததில்லை.

2025 டிசம்பரில் மகளின் கல்லூரிப் படிப்புக்காக ஒரு லேப்டாப் வாங்கினார்கள். வங்கிக் கடனுக்காக அந்த ஆசிரியையின் பழைய ரிட்டர்ன்கள் தேவைப்பட்டன. பாஸ்வேர்ட் தெரியாது. "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" என்ற இடத்தில் கிளிக் செய்து, ஆதாருடன் இணைந்த மொபைலுக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைக் கொடுத்து உள்ளே போனார்கள். புரொஃபைல் பகுதியில் அவர்கள் கேள்விப்படாத ஒரு இ-மெயில் முகவரி இருந்தது. மொபைல் எண்ணும் அவர்களுடையது அல்ல. கழிவுகளைச் சரிபார்த்துக்கொள்ளுமாறு கேட்கும் செய்தி ஒன்று யாரும் படிக்காமல் காத்துக்கிடந்தது. 2023-24 நிதியாண்டிற்கான ரிட்டர்னை டவுன்லோட் செய்து திறந்தார்கள். அதில் அந்த ஆசிரியை ஓர் அரசியல் கட்சிக்கு ஒரு லட்சம் ரூபாய் நன்கொடை கொடுத்ததாக இருந்தது.

"நான் எந்தக் கட்சிக்குங்க பணம் கொடுத்தேன்? கட்சி பேரே எனக்குத் தெரியாதே சார்" என்று அவர் என்னிடம் கேட்டபோது குரல் நடுங்கியது. கணவருக்கோ குற்ற உணர்ச்சி. "ரீஃபண்ட் வருதுன்னு சொன்னாங்க. நானும் சந்தோஷப்பட்டுட்டேன்" என்றார்.

20 சதவீத வரி அடுக்கில் இருந்த அவருக்கு அந்தப் பொய்க் கழிவால் 20,000 ரூபாய் வரியும், அதன் மேல் 4 சதவீத செஸ் 800 ரூபாயும் குறைந்திருந்தன. இப்போது அந்த 20,800 ரூபாயையும், அதற்கான வட்டியையும், இரண்டும் சேர்ந்த தொகையின் மேல் 25 சதவீதக் கூடுதல் வரியையும் கட்டி, புதுப்பிக்கப்பட்ட ரிட்டர்ன் தாக்கல் செய்தார்கள். இந்த வகை ரிட்டர்னைத் தாக்கல் செய்ய 2025 நிதிச் சட்டம் 48 மாதம் வரை அவகாசம் தந்துள்ளது. ஆனால் தாமதிக்கத் தாமதிக்க, கூடுதல் வரி 25-லிருந்து 50, 60, 70 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும்.

இது ஏதோ ஒரு வீட்டில் நடந்த கதை அல்ல. 2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. பொய்க் கழிவுகளைக் காட்டி ரீஃபண்ட் வாங்கித் தரும் இடைத்தரகர்கள்தான் குறி. துறை அன்று வெளியிட்ட அறிக்கையில், அதற்கு முன் சோதனைகள் நடந்த மாநிலங்களின் பட்டியலில் தமிழ்நாடும் இருந்தது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் 1,045 கோடி ரூபாய் அளவுக்குத் தவறான கழிவுகளைத் தாங்களாகவே திரும்பப் பெற்றிருந்தார்கள். அந்த அறிக்கையில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயமும் உண்டு. இடைத்தரகர்கள் ரிட்டர்ன் தாக்கல் செய்வதற்காக மட்டும் தற்காலிக இ-மெயில் முகவரிகளை உருவாக்கி, பிறகு அவற்றைக் கைவிட்டுவிடுகிறார்கள். துறை அனுப்பும் நோட்டீஸ் யாரும் திறக்காத பெட்டியில் போய் விழுகிறது.

சட்டத்தின் பார்வையில் ரிட்டர்னில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் பொறுப்பு பான் எண்ணுக்கு உரியவர்தான். டைப் செய்தவர் அல்ல. கொண்டு போய்க் கொடுத்த கணவரும் அல்ல.

கூட்டு ரிட்டர்ன் நம் நாட்டில் உண்டா?

செங்கல்பட்டு, கல்பாக்கம் பகுதிகளில் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் பெற்றோர் பலர் உண்டு. அவர்கள் வழியாகக் கேட்டவர்கள், "அங்கே புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரே ரிட்டர்ன் போடுகிறார்களாமே, இங்கே முடியாதா?" என்று கேட்பதுண்டு.

முடியாது. இந்தியாவில் வரி தனி நபர் மீது விதிக்கப்படுகிறது. கணவன் ஒரு நபர், மனைவி வேறொரு நபர். திருமணம் ஆனாலும் பான் எண்கள் ஒன்றாவதில்லை. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இப்படித்தான் இருந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலும் இப்படித்தான். நிதியாண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைக் குழப்பத்தை நீக்கி, "வரி ஆண்டு" என்ற ஒரே சொல்லைப் புதிய சட்டம் கொண்டு வந்துள்ளது. ஆனால் கணவன் மனைவி கணக்கை ஒன்றாக்கவில்லை.

"இந்து கூட்டுக் குடும்பம் என்று ஒன்று இருக்கிறதே?" என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அது சட்டத்தின் கண்ணில் மூன்றாவது ஒரு நபர். அதற்குத் தனி பான், தனி ரிட்டர்ன். பூர்வீகச் சொத்திலிருந்து வரும் வருமானத்தை அதில் காட்டலாம். கணவன் மனைவி வாங்கும் சம்பளத்தைக் கொண்டு போய் அதில் சேர்க்க முடியாது.

கோவாவில் ஒரு வித்தியாசம். போர்ச்சுகீசிய சிவில் சட்டத்தின் கீழ் வரும் தம்பதிகளுக்கு, சம்பளம் தவிர்த்த மற்ற வருமானம் இருவருக்கும் பாதிப் பாதியாகப் பிரிக்கப்படுகிறது. அங்கும் ரிட்டர்ன் என்னவோ இரண்டுதான்.

மூன்று வீடுகள், ஒரே வருமானம்

தனி நபர் கணக்கு என்பதால் என்ன ஆகிறது என்று பார்க்கலாம். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையை எடுத்துக்கொள்வோம். முதல் 4 லட்சத்திற்கு வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, 12 முதல் 16 வரை 15, 16 முதல் 20 வரை 20, 20 முதல் 24 வரை 25, அதற்கு மேல் 30 சதவீதம். சம்பளக்காரருக்கு 75,000 ரூபாய் நிலைக் கழிவு உண்டு. கழிவு போக வருமானம் 12 லட்சத்திற்குள் இருந்தால் வரித் தள்ளுபடி கிடைப்பதால் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை.

ஒரே தெருவில் மூன்று வீடுகள். மூன்று வீட்டிலும் மொத்தச் சம்பளம் 20,75,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வீட்டில் கணவர் மட்டும் வேலைக்குப் போகிறார். கழிவு போக 20 லட்சம். வரி 2,00,000. செஸ் 8,000. மொத்தம் 2,08,000 ரூபாய்.

இரண்டாவது வீட்டில் ஒருவர் 14,75,000, மற்றவர் 6,00,000 சம்பாதிக்கிறார்கள். முதலாமவருக்கு வரி 90,000, செஸ் 3,600. மற்றவருக்கு ஒன்றுமில்லை. மொத்தம் 93,600 ரூபாய்.

மூன்றாவது வீட்டில் இருவரும் ஆளுக்கு 10,37,500 சம்பாதிக்கிறார்கள். இருவருக்கும் கழிவு போக 12 லட்சத்திற்குள் வந்துவிடுகிறது. மொத்த வரி பூஜ்யம்.

வீட்டிற்கு வரும் பணம் ஒன்றுதான். வரி மட்டும் 2,08,000, 93,600, பூஜ்யம். இந்தக் கணக்கை உங்கள் கம்ப்யூட்டரில் எக்செல் திறந்து நீங்களே போட்டுப் பாருங்கள். முதல் வீட்டுக்காரர், "என் மனைவி வயதான என் தாயையும் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறாள்; அதற்கு மதிப்பில்லையா?" என்று கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகமும் 2025 பட்ஜெட்டிற்கு முன் அரசுக்கு அளித்த யோசனைகளில், விரும்பும் தம்பதிகள் கூட்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வழி வேண்டும் என்று கேட்டது.

ஆனாலும் நான் தனிக் கணக்கின் பக்கம்தான்

கூட்டு ரிட்டர்ன் வந்தால் முதல் வீட்டுக்கு லாபம். உண்மை. ஆனால் அதற்கு என்ன விலை என்பதையும் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் 1948 முதல் தம்பதியர் தங்கள் வருமானத்தைச் சேர்த்து, இரண்டாகப் பகிர்ந்து வரி கணக்கிடும் வசதி வந்தது. ஆனால் கூட்டு ரிட்டர்னில் இருவரும் கையெழுத்திட்டால், முழு வரிக்கும் இருவரும் பொறுப்பு. கணவர் மறைத்த வருமானத்திற்கு மனைவியிடம் கேட்கலாம். விவாகரத்து ஆன பிறகும் கேட்கலாம். "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று நிரூபிக்கும் அப்பாவித் துணைக்கு நிவாரணம் தர அங்கே தனி விதியே எழுத வேண்டியிருந்தது. பிரிட்டனில் இதற்கு எதிர்த் திசையில் போனார்கள். மனைவியின் வருமானத்தைக் கணவரின் வருமானமாகக் கருதி வந்த பழைய வழக்கத்தை விட்டு, 1990 ஏப்ரல் முதல் இருவருக்கும் தனித்தனிக் கணக்கு கொண்டு வந்தார்கள்.

நம் ஊர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். இரண்டு தனி ரிட்டர்ன் இருக்கும்போதே மனைவியின் ரிட்டர்னில் என்ன இருக்கிறது என்று மனைவிக்குத் தெரியவில்லை. ஒரே ரிட்டர்ன் ஆகிவிட்டால், "இங்கே ஒரு கையெழுத்துப் போடும்மா" என்பதோடு அவருடைய பங்கு முடிந்துவிடும். அவருடைய 6 லட்சம் ரூபாய் சம்பளம், கணவரின் வருமானத்திற்குக் கீழே ஒரு வரியாகப் போய்விடும்.

தனி ரிட்டர்ன் என்பது வெறும் வரிக் காகிதம் அல்ல. வங்கியில் கடன் கேட்டால் முந்தைய ஆண்டுகளின் ரிட்டர்ன் கேட்கிறார்கள். வெளிநாட்டு விசாவிற்கும் கேட்பதுண்டு. மாமல்லபுரத்தில் கல் சிற்பக் கடைகளைப் பாருங்கள். பட்டறையில் கணவர் உளி பிடிப்பார். முன்பக்கம் கடையில் வெளிநாட்டுப் பயணிகளிடம் விலை பேசுவது, பார்சல் கட்டுவது, கணக்கு எழுதுவது எல்லாம் மனைவி. ஆனால் கடை கணவர் பெயரில் இருந்தால் வருமானம் முழுவதும் அவருடையது. மனைவியின் உழைப்பு எந்த ரிட்டர்னிலும் இல்லை. நாளை அந்தப் பெண் தன் பெயரில் ஒரு கடன் கேட்டுப் போனால் காட்டுவதற்கு ஒரு தாள் இருக்காது. அவருக்கென்று ஒரு தனித் தொழில் இருக்குமானால், அதற்கு அவர் பெயரில் ஒரு ரிட்டர்ன் போடுவதுதான் அவருடைய முகவரி.

முதல் வீட்டுக்காரரின் குறையைத் தீர்க்க வேறு வழி உண்டு. வருமானம் இல்லாத துணைக்காக ஒரு கழிவு கொடுக்கலாம். 2011-12 வரை பெண்களுக்குப் பொது வரம்பை விடச் சற்றுக் கூடுதலான வரி விலக்கு வரம்பு இருந்ததை இந்த இடத்தில் நினைவுபடுத்திக்கொள்ளலாம். 2012-13 முதல் அது போய்விட்டது. கணக்கை ஒன்றாக்காமலேயே சலுகை தர அரசுக்கு வழி தெரியாமல் இல்லை.

பெயர் யாருடையது, பணம் யாருடையது?

இரண்டு கணக்கு என்றவுடன், "அப்படியானால் என் பணத்தை மனைவி பெயரில் டெபாசிட் போட்டுவிடுகிறேன்; வட்டிக்கு வரி வராது" என்று சிலர் கிளம்பிவிடுவார்கள். இது நம் ஊரில் பரவலாக உள்ள தவறு. கணவர் தன் பணத்தை மனைவிக்குக் கொடுத்து, அதை மனைவி டெபாசிட் செய்தால், அந்த வட்டி கணவரின் வருமானத்தோடுதான் சேர்க்கப்படும். மனைவி கணவருக்குக் கொடுத்தாலும் இதே விதி. 18 வயது நிரம்பாத பிள்ளைகள் பெயரில் போட்ட டெபாசிட்டின் வட்டி, பெற்றோரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேரும்.

ஆனால் மனைவியின் சொந்தச் சம்பளம், அவருக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த பணம், தாய் தந்தையிடமிருந்து வந்த சொத்து ஆகியவற்றிலிருந்து வரும் வருமானம் அவருடையதே. எடுத்துக்காட்டாக, தாய் விட்டுச் சென்ற டெபாசிட்டில் இல்லத்தரசி ஒருவருக்கு 2025-26-இல் 60,000 ரூபாய் வட்டி வந்தது என்று வைத்துக்கொள்வோம். வட்டி 50,000 ரூபாயைத் தாண்டியதால் வங்கி 10 சதவீதம், அதாவது 6,000 ரூபாய் பிடித்திருக்கும். அவருக்கு வேறு வருமானம் இல்லை. வரியும் இல்லை. ஆனால் அவர் ரிட்டர்ன் போட்டால்தான் அந்த 6,000 ரூபாய் திரும்பி வரும். "வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு எதற்கு ரிட்டர்ன்?" என்று கேட்கும் வீடுகளில் இப்படிப் போகும் பணம் கொஞ்ச நஞ்சமல்ல.

கூடுவாஞ்சேரியிலோ சிங்கபெருமாள் கோவிலிலோ இருவரும் பணம் போட்டுக் கூட்டாக ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா? வாடகையை அவரவர் பங்குப்படி இரண்டு ரிட்டர்னிலும் காட்ட வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் மனைவிக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த மனையை விற்றீர்களா? லாபம் அவருடைய ரிட்டர்னில் வர வேண்டும். கணவர் முன் நின்று விற்றார் என்பதால் அது கணவரின் கணக்காகிவிடாது.

வீட்டில் இருந்தபடி செய்வது எப்படி?

இனி வேலைக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் போதும். டி.வி.யை நிறுத்திவிட்டு இருவரும் உட்காருங்கள்.

முதலில் கம்ப்யூட்டரில் "வருமான வரி" என்று ஒரு போல்டர் உருவாக்குங்கள். அதற்குள் கணவர் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று. ஒவ்வொன்றிலும் ஆண்டுவாரியாக உள்போல்டர்கள். சம்பளச் சான்று, வங்கி வட்டிச் சான்று, வீட்டுக் கடன் சான்று, காப்பீட்டு ரசீது எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தோ டவுன்லோட் செய்தோ அவரவர் போல்டரில் போடுங்கள். ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துப் பீரோவில் வைத்துவிடுங்கள்.

அடுத்து வெப்சைட். முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள்: இன்கம்டாக்ஸ் டாட் ஜி.ஓ.வி. டாட் இன். எஸ்.எம்.எஸ்.ஸில் வந்த லிங்க்கைக் கிளிக் செய்து போகவே கூடாது. "உங்களுக்கு ரீஃபண்ட் வந்துள்ளது, கணக்கு எண்ணைச் சரிபாருங்கள்" என்று வரும் செய்திகள் பெரும்பாலும் மோசடி. துறையிலிருந்து நோட்டீஸ் என்று ஏதாவது வந்தால், அதில் ஆவண அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2019 அக்டோபர் 1 முதல் இந்த எண் நடைமுறையில் உள்ளது. அது உண்மையானதா என்று அதே வெப்சைட்டில் லாகின் செய்யாமலேயே சோதித்துக்கொள்ளலாம்.

உள்ளே போனதும் முதல் வேலை புரொஃபைல் பகுதி. அதில் உள்ள மொபைல் எண்ணும் இ-மெயிலும் உங்களுடையவைதானா? மனைவியின் கணக்கில் மனைவியின் எண் இருக்கட்டும். ஆதாரிலும் அவருடைய எண்ணே இணைந்திருக்கட்டும். ஓ.டி.பி. அங்கேதான் வரும். ரீஃபண்டுக்கான வங்கிக் கணக்கும் அவரவர் பெயரில், பான் இணைந்ததாக இருக்க வேண்டும். மனைவிக்கு வர வேண்டிய ரீஃபண்ட் கணவரின் தனிக் கணக்குக்குப் போகாது.

இரண்டாவதாக, ஆண்டுத் தகவல் அறிக்கையை டவுன்லோட் செய்யுங்கள். ஏ.ஐ.எஸ். என்று அழைக்கப்படும் இது 2021 நவம்பரில் அறிமுகமானது. உங்கள் பான் எண்ணின் மேல் பதிவான வங்கி வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்பனை, நில விற்பனை ஆகியவை இதில் வரும். இந்த பி.டி.எஃப். பைலைத் திறக்க பாஸ்வேர்ட் கேட்கும். உங்கள் பான் எண்ணைச் சிறிய எழுத்துகளில் அடித்து, இடைவெளி விடாமல் பிறந்த நாள், மாதம், ஆண்டை எட்டு இலக்கங்களில் சேர்த்து அடியுங்கள். திறந்துவிடும். இதோடு வரிப் பிடித்தம் காட்டும் 26ஏ.எஸ். அறிக்கையையும் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய சட்டத்தில் படிவங்களின் எண்கள் மாறுகின்றன. எண்ணை மனப்பாடம் செய்யாமல், எந்தக் காகிதம் எதைக் காட்டுகிறது என்று தெரிந்துகொண்டால் குழப்பம் வராது.

இப்போது ஒருவர் அறிக்கையைப் படிக்கட்டும். மற்றவர் வங்கிப் பாஸ்புக்கை வைத்துச் சரிபார்க்கட்டும். ஒருவர் மறந்தது மற்றவருக்கு நினைவுக்கு வரும். சேர்ந்து உட்காருவதன் லாபமே இதுதான்.

மூன்றாவதாக, வரி முறையைத் தேர்வு செய்வது. இதையும் தனித்தனியாகச் செய்யலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வீட்டுக் கடன் வட்டி, காப்பீடு, வாடகைப்படி என்று நிறையக் கழிவுகள் உள்ள கணவர் பழைய முறையிலும், கழிவு எதுவும் இல்லாத மனைவி புதிய முறையிலும் இருக்கலாம். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் புதிய முறைதான் என்று எடுத்துக்கொள்ளப்படும். சம்பளக்காரர்கள் ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பழைய முறை வேண்டுமென்றால் கடைசித் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுக் காட்டும் கால்குலேட்டர் அதே வெப்சைட்டில் இலவசமாகக் கிடைக்கிறது.

நான்காவதாக, சரியான படிவம். சம்பளம், வீட்டு வாடகை, வட்டி என்று எளிய வருமானமும், மொத்தம் 50 லட்சத்திற்குள்ளும் இருந்தால் ஐ.டி.ஆர்.-1. கடை வைத்திருப்பவர் அதைப் பயன்படுத்த முடியாது. சிறு கடைக்காரர்களுக்கு ஐ.டி.ஆர்.-4 உள்ளது. விற்றுமுதல் 2 கோடிக்குள் இருந்தால் அதில் 8 சதவீதத்தை, வங்கி வழியாக வந்த தொகைக்கு 6 சதவீதத்தை, குறைந்தபட்ச லாபமாகக் காட்டலாம். மதுராந்தகம், செய்யூர்ப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விவசாய வருமானத்திற்கு வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் அது 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐ.டி.ஆர்.-1 பயன்படாது.

கடைசியாக, சரிபார்ப்பு. ரிட்டர்னை அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் கம்ப்யூட்டரை அணைத்துவிடுகிறார்கள். 30 நாட்களுக்குள் ஆதார் ஓ.டி.பி. அல்லது நெட்பேங்கிங் மூலம் உறுதி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் குறித்த நேரத்தில் தாக்கல் செய்ததாக ஆகாது. அனுப்பிய உடனே செய்துவிடுவது நல்லது. தாமதமானால் 5,000 ரூபாய் வரை கட்டணம். மொத்த வருமானம் 5 லட்சத்திற்குள் என்றால் 1,000. 2025-இல் கடைசித் தேதி செப்டம்பர் 16 வரை நீண்டது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அப்படி நீளும் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

பாஸ்வேர்டை என்ன செய்வது?

"தனித்தனிப் பாஸ்வேர்ட் என்றால் ஒளிவு மறைவா?" என்று சிலர் கேட்கக்கூடும். இல்லை. ஒருவர் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, கவரில் ஒட்டி, நகைப் பெட்டியில் வையுங்கள். அது அங்கே இருக்கிறது என்று இருவருக்கும் தெரிந்திருக்கட்டும். அதை பிரவுசரில் சேமித்து வைக்க வேண்டாம். பிள்ளைகள் விளையாடும் கம்ப்யூட்டர் என்றால் நிச்சயமாக வேண்டாம். கணவர் திடீரென்று இறந்துவிட்டால், அவருடைய கடைசி ரிட்டர்னை வாரிசு என்ற முறையில் மனைவிதான் தாக்கல் செய்ய வேண்டும். தன் கணக்கில் லாகின் செய்து, வாரிசாகப் பதிவு செய்துகொண்டுதான் அதைச் செய்ய முடியும். அப்படி ஒரு நாளில் முதல்முறையாக அந்த வெப்சைட்டைத் திறந்து பார்க்கும் நிலைமை எந்தப் பெண்ணுக்கும் வரக் கூடாது.

எல்லாவற்றையும் நீங்களே செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. நிலம் விற்றவர்கள், பங்கு வியாபாரம் செய்பவர்கள், வெளிநாட்டு வருமானம் உள்ளவர்கள் நல்ல ஆடிட்டரிடம் போகத்தான் வேண்டும். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலத்தை இப்போது விற்றால் 12.5 சதவீதமா, விலைவாசிக் குறியீட்டோடு 20 சதவீதமா என்று இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்குக் கொடுக்கும் கட்டணம் வீண் அல்ல. ஆனால் அங்கே போனாலும் உங்கள் மொபைல் எண்ணையும் இ-மெயிலையுமே கொடுங்கள். அனுப்பும் முன் முழு ரிட்டர்னையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். "உங்களுக்கு இவ்வளவு ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், அதில் எனக்கு இத்தனை சதவீதம்" என்று யாராவது பேச ஆரம்பித்தால், காகிதங்களை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த ஆசிரியை இப்போது தன் ரிட்டர்னைத் தானே போடுகிறார். கணவருடையதையும் பக்கத்தில் உட்கார்ந்து படித்துப் பார்க்கிறார். "முப்பது பிள்ளைங்க விடைத்தாளைத் திருத்துறேன், என் தாளை நான் படிச்சதே இல்ல சார்" என்று சிரித்தார். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இன்று மாலையே அந்த வெப்சைட்டைத் திறந்து, புரொஃபைலில் யாருடைய மொபைல் எண் இருக்கிறது என்று மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.